தலைவலியோடு காய்ச்சல்: கஷாயமா, கடை மாத்திரையா, ஊர் டாக்டரா, பெரிய ஆஸ்பத்திரியா?

போன ஐப்பசி மழையில் பத்து நாளுக்குள் மூன்று பேர் என்னிடம் ஒரே பேச்சைச் சொன்னார்கள். "தலை வலிக்குது, உடம்பும் சுடுது." முதலில் ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகன். அடுத்து, பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன். கடைசியாக எதிர்வீட்டு ஆச்சி. மகனுக்கு வந்தது டெங்கு. அண்ணனுக்கு உண்ணிக் காய்ச்சல். ஆச்சிக்கு வெறும் சளிக் காய்ச்சல். நாலாம் நாள் எழுந்து தீபாவளிக்கு முறுக்கு பிழிய உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் வீடு காரைக்குடிக்கு அருகே கண்டனூர்ப் பக்கம். ராத்திரி எட்டு மணிக்கு வீட்டில் ஒருவர் இப்படிப் படுத்துவிட்டால் எங்களுக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. அப்பத்தா சொல்லும் கை வைத்தியம். பஸ் ஸ்டாப் பக்கத்து மருந்துக் கடை. ஊர் டாக்டர் அல்லது ஆரம்ப சுகாதார நிலையம். அதையும் தாண்டினால் காரைக்குடி, சிவகங்கை, மதுரை என்று பெரிய ஆஸ்பத்திரி. இதற்கு நடுவில் சிங்கப்பூரிலிருந்து என் தம்பி போன் செய்து, "உடனே வண்டி பிடிச்சு மதுரைக்குப் போங்க" என்பான். செட்டிநாட்டில் பாதி வீடுகளில் நோயாளி இங்கே இருப்பார், பதற்றம் வெளிநாட்டில் இருக்கும்.

நான் டாக்டர் இல்லை. அந்தப் பத்து நாளில் சரியாகச் செய்ததும் உண்டு, தப்பாகச் செய்ததும் உண்டு. அப்புறம் டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சேர்த்து, எந்த நேரத்தில் எந்த வழி என்று எழுதுகிறேன்.

இரண்டும் ஏன் ஒன்றாக வருகின்றன

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்று பெரியவர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி வைத்திருக்கிறார்கள். உடம்புக்குள்ளும் அவை ஒரே இடத்தில் இருந்துதான் கிளம்புகின்றன. கிருமி நுழைந்ததும் பாதுகாப்பு அணுக்கள் சில வேதிப்பொருள்களை ரத்தத்தில் விடுகின்றன. அவற்றின் தூண்டுதலால் புரோஸ்டகிளாண்டின் என்ற பொருள் உண்டாகிறது. அது மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸில் உடம்புச் சூட்டின் அளவை ஏற்றி வைத்துவிடுகிறது. அதுவரை 98.6 டிகிரியில் நிம்மதியாக இருந்த உடம்புக்கு இப்போது 102 வேண்டும். அந்த அளவை எட்டும்வரை குளிரும், நடுக்கமும். எட்டியபின் அனல்.

அதே புரோஸ்டகிளாண்டின் வலி நரம்புகளையும் கூர்மையாக்குகிறது. மூளைக்கு நேரடியாக வலி தெரியாது. அதைச் சுற்றியுள்ள உறைக்கும் ரத்தக் குழாய்களுக்கும்தான் தெரியும். சூட்டில் குழாய்கள் விரிகின்றன. சாப்பிடாமல், குடிக்காமல் கிடப்பதில் உடம்பில் நீரும் வற்றுகிறது. எல்லாம் சேர்ந்து மண்டையைப் பிளக்கிறது.

ஒரே மாத்திரை இரண்டையும் தணிப்பது இதனால்தான். ஆஸ்பிரினை உலகம் எழுபது வருடத்துக்கும் மேல் விழுங்கிய பிறகுதான் அது எப்படி வேலை செய்கிறது என்பதே தெரிந்தது. அது புரோஸ்டகிளாண்டின் உண்டாவதைத் தடுக்கிறது என்று 1971-இல் இங்கிலாந்தின் ஜான் வேன் காட்டினார். 1982-ஆம் வருட மருத்துவ நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

சரி, இதெல்லாம் ராத்திரி எட்டு மணிக்கு நமக்கு எதற்கு? ஒரு கேள்வி கிடைக்கிறது, அதற்குத்தான். சூடு இறங்கும்போது தலைவலியும் கூடவே இறங்குகிறதா? காய்ச்சலால் வந்த தலைவலி என்றால், 102 டிகிரி 99-க்கு வரும்போது அதுவும் பெருமளவு விட்டுவிட வேண்டும். சூடு தணிந்த பிறகும் தலை பிளந்துகொண்டே இருந்தால், அந்த வலிக்கு வேறு காரணம் இருக்கலாம். அப்போது வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. வலியும் சேர்ந்து இறங்கியதாலேயே ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. மறுநாள் வரை பொறுத்துப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

இந்தக் கேள்வியைக் கேட்க வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வேண்டும். அப்பத்தா புறங்கையை நெற்றியில் வைத்தே சொல்லிவிடுவார், பலமுறை சரியாகவும் இருக்கும். ஆனால் 99-க்கும் 101-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கை சொல்லாது. ஒற்றைத் தலைவலிக்காரருக்குக் காய்ச்சலே இல்லாமல் நெற்றி கதகதவென்று இருப்பதாகத் தோன்றும். வாயில் வைத்துப் பார்த்து 100.4 டிகிரி இருந்தால் காய்ச்சல். அக்குளில் வைத்தால் ஏறக்குறைய ஒரு டிகிரி குறைவாகக் காட்டும். எந்த இடத்தில் வைத்தாலும் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் வையுங்கள்.

அப்பத்தாவின் வழி

கை வைத்தியத்தை நான் ஒதுக்க மாட்டேன். அதில் எது நோயை மாற்றுகிறது, எது ஆறுதல் தருகிறது என்று பிரித்துப் பார்க்கிறேன்.

கை வைத்தியத்தில் முதலிடம் கஞ்சிக்கு. புழுங்கலரிசி நொய்யைக் குழைய வேகவைத்து, உப்புப் போட்டு, தண்ணீராக ஊற்றிக் கொடுக்கும் கஞ்சி. காய்ச்சலில் இழந்த நீரும் உப்பும் அதில் திரும்ப வருகின்றன. நீர் வற்றியதால் வந்த தலைவலி இரண்டு டம்ளர் கஞ்சியில் தணிவதைக் கண்ணால் பார்க்கலாம். இளநீர், மோர், மிளகு ரசம், ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்த ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எல்லாமே இந்த வகைதான். சாப்பாடு இறங்காவிட்டால் பரவாயில்லை, தண்ணீர் இறங்க வேண்டும்.

நொச்சித் தழை போட்டு ஆவி பிடிப்பது மூக்கடைப்பும் நெற்றிப் பாரமும் உள்ளவருக்கு நல்ல சுகம் தரும். எதிர்வீட்டு ஆச்சிக்கு அப்படித்தான். குனிந்தால் கண்ணுக்கு மேலே பாரமாக இறங்குகிறது என்றார், மூக்கு ஒழுகியது, காய்ச்சலும் லேசாகத்தான் இருந்தது. இரண்டு வேளை ஆவி, மிளகு ரசம், ராத்திரி ஒரு பாராசிட்டமால். அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. சின்னப் பிள்ளைகளைக் கொதிக்கும் பாத்திரத்தின் மேல் குனிய வைக்காதீர்கள். பாத்திரம் சரிந்தால் காய்ச்சலைவிடப் பெரிய துன்பம்.

சுக்கை இழைத்து நெற்றியில் பத்துப் போடுவதும் இதமாகத்தான் இருக்கும். அந்த எரிச்சலில் வலி சற்று மறக்கும். காய்ச்சலின் காரணத்தை அது தொடாது. நிலவேம்புக் குடிநீரை 2012-இல் டெங்கு பரவியபோது அரசே மக்களுக்குக் கொடுத்தது. நிலவேம்போடு சுக்கு, மிளகு, வெட்டிவேர், கோரைக்கிழங்கு என்று ஒன்பது சரக்குகள் சேர்ந்தது அது. எங்கள் வீட்டிலும் குடிக்கிறோம். அதைக் குடித்தாகிவிட்டது என்பதற்காக ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதைத்தான் நான் ஏற்க மாட்டேன். பப்பாளி இலைச் சாறுக்கும் இதே பேச்சுதான்.

இன்னொன்று, போர்த்துவது. குளிர் நடுக்கம் இருக்கும் அரைமணி நேரம் போர்வை தரலாம். நடுக்கம் நின்று உடம்பு கொதிக்கும்போதும் கம்பளிக்குள் வைத்து "வேர்க்கட்டும்" என்றால் சூடு வெளியேற வழியில்லை. எங்கள் மாதிரிப் பழைய வீடுகளில் இரண்டாம் கட்டு அறை இருட்டாகவும் குளுமையாகவும் இருக்கும். மெல்லிய வேட்டியைப் போர்த்தி அங்கே படுக்க வையுங்கள். காய்ச்சல் தலைவலிக்கு வெளிச்சம் ஆகாது.

மாசி, பங்குனி வந்தால் அம்மை போடும் காலம். அதுவும் காய்ச்சல், தலைவலி என்றுதான் தொடங்கும். ஓரிரு நாளில் கொப்புளம் தெரியும். காரைக்குடி முத்துமாரியம்மனுக்கு நேர்ந்துகொள்வதை நானும் செய்கிறேன். வேப்பிலையும் வைக்கிறேன். அதோடு டாக்டரிடம் ஒருமுறை காட்டுவதில் அம்மனுக்குக் குறை ஒன்றும் இல்லை. அம்மை போட்ட பிள்ளைக்கு ஆஸ்பிரின் மட்டும் கொடுக்கவே கூடாது. ஈரலையும் மூளையையும் தாக்கும் ரெய்ஸ் நோய் அரிதாக வரக்கூடும்.

ஆக, அப்பத்தாவின் வழி எப்போது போதும்? வயது வந்த, வேறு நோய் இல்லாத ஆள். முதல் இரண்டு நாள். தண்ணீர் குடிக்கிறார், சிறுநீர் போகிறது, பேச்சு தெளிவாக இருக்கிறது. சூடு இறங்கினால் தலைவலியும் இறங்குகிறது. இவ்வளவும் இருந்தால் போதும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தை, கர்ப்பிணி, கட்டுப்படாத சர்க்கரை உள்ளவர், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர் என்றால் முதல் நாளே டாக்டர்தான்.

மருந்துக் கடை

நான் சறுக்கிய இடம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மகனுக்குக் காய்ச்சல் வந்த முதல் ராத்திரி 103. கண்ணை உருட்டினால் கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்று அழுதான். வீட்டில் பெரியவர்களுக்கு வாங்கிய 650 மில்லிகிராம் மாத்திரைதான் இருந்தது. பாதியாக உடைக்கப் போனேன். அப்பத்தா, "பிள்ளைக்கு எவ்வளவுன்னு கேட்டுக்கிட்டுக் குடு" என்று கையைப் பிடித்தார். 104-க்குப் போன் செய்து கேட்டேன். அரசின் அந்த மருத்துவ ஆலோசனை எண் ராத்திரியிலும் எடுக்கும். எடையைக் கேட்டார்கள். பாராசிட்டமால் பிள்ளைகளுக்கு வயதை வைத்துக் கொடுப்பதில்லை, எடையை வைத்துக் கொடுப்பது. ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். அவன் 30 கிலோ. அப்படியென்றால் 300-லிருந்து 450-க்குள். பாதி மாத்திரை 325, கணக்குக்குள் வந்துவிட்டது. அது அதிர்ஷ்டம். 15 கிலோப் பிள்ளையாக இருந்திருந்தால் அதே பாதி மாத்திரை அளவுக்கு மேல் போயிருக்கும்.

சிரப்பில் இன்னொரு சிக்கல். 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள பாட்டிலும் உண்டு, 250 உள்ள பாட்டிலும் உண்டு. பெட்டியின் நிறம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். "போன தடவை ஒரு மூடி கொடுத்தோம்" என்று கணக்கு வைத்தால் இரண்டு மடங்காகிவிடலாம். பாட்டிலில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். நாலு மணி நேரத்துக்கு முன்னால் அடுத்த வேளை இல்லை, பிள்ளைகளுக்கு ஒரு நாளில் நாலு வேளைக்கு மேல் இல்லை. பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4000 மில்லிகிராம் உச்ச வரம்பு. ஈரல் நோய் உள்ளவருக்கும் தினம் குடிப்பவருக்கும் அதற்கு வெகு கீழே நிறுத்த வேண்டும், டாக்டரைக் கேட்டுத்தான். ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருக்கும். அதையும் போட்டு, டோலோவும் போட்டால் இரண்டு முறை எடுத்ததாகிறது.

நான் செய்த தப்பு மகன் விஷயத்தில் இல்லை. பக்கத்து வீட்டு அண்ணன் விஷயத்தில். அவர் தலையைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். "கடைக்குப் போறேன், உங்களுக்கு எதுவும் வேணுமா?" என்றார். நானும் போய் வாருங்கள் என்றுதான் சொன்னேன். ஒரு கடையில் அவருக்கு ஒரு வேளை செட் கட்டிக் கொடுத்தார்கள். சின்னக் காகிதக் கவரில் நாலு மாத்திரை, வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, பாதியாக வெட்டியது ஒன்று, ஒரு காப்ஸ்யூல். பெயர் தெரியாது, அளவு தெரியாது. போட்ட இரண்டு மணி நேரத்தில் ஆள் எழுந்து டீக்கடைக்குப் போனார். மறுநாள் மறுபடி காய்ச்சல், மறுபடி கவர். இப்படி ஐந்து நாள்.

கவரில் என்ன இருக்கலாம் என்று பின்னால் டாக்டர் விளக்கினார். டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரை ஒன்று இருந்தால், டெங்கு உள்ளவருக்கு அது ரத்தக் கசிவை அதிகமாக்கும். ஐபுப்ரோஃபென், மெஃபினமிக் அமிலம், ஆஸ்பிரினுக்கும் இதே எச்சரிக்கைதான். ஸ்டீராய்டு இருந்தால், காய்ச்சலை மறைத்துக்கொண்டே நோயை உள்ளே வளரவிடும். ஆன்டிபயாடிக் என்றால் எதற்கு, எத்தனை நாளுக்கு என்று யாருக்கும் தெரியாது. கவரைக் கொண்டுவந்திருந்தாலாவது பார்த்திருப்பேன், அதையும் தூக்கிப் போட்டுவிட்டீர்களே என்றார்.

மருந்துக் கடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ராத்திரி பத்து மணிக்கு நமக்கு அவர்கள்தான் துணை. போய், "பாராசிட்டமால் அட்டையோடு கொடுங்கள், ஓ.ஆர்.எஸ். இரண்டு பொட்டலம் கொடுங்கள்" என்று கேளுங்கள். "காய்ச்சலுக்கு ஏதாவது கொடுங்க" என்று கேட்டால்தான் கவர் வரும்.

ஊர் டாக்டரும் ரத்தப் பரிசோதனையும்

மூன்றாம் நாள் காய்ச்சல் விடாவிட்டால் இந்த வழி. தலைவலி கடுமையாக இருந்தால் முதல் நாளிலேயே. தனியார் கிளினிக்கும் ஆரம்ப சுகாதார நிலையமும் இதில் எனக்கு ஒன்றுதான். கிளினிக் சாயங்காலம் திறந்திருக்கும், காத்திருப்பு குறைவு. சுகாதார நிலையத்தில் காசு இல்லை, டெங்கு உறுதியானால் தெருவுக்குப் புகை அடிக்கவும் தண்ணீர்த் தொட்டி பார்க்கவும் ஆள் வருவது அங்கிருந்துதான். நான் மகனைக் காலையில் அங்கேதான் கூட்டிப் போனேன்.

டாக்டரிடம் போனால் நாம் கேட்பது ஊசி. ஊசி போட்டால்தான் வைத்தியம் பார்த்த மாதிரி இருக்கிறது என்று எதிர்வீட்டு ஆச்சி இன்றும் சொல்வார். வாந்தி எடுக்காமல் விழுங்க முடிகிறவருக்குக் காய்ச்சல் ஊசி மாத்திரையைவிடப் பெரிதாக எதையும் தராது. டெங்கு சந்தேகம் உள்ளவருக்குத் தசையில் போடும் ஊசி ரத்தம் கட்டவும் செய்யும். ஊசி போடாமல் எழுதிக் கொடுக்கும் டாக்டரை நம்புங்கள்.

ரத்தம் எடுப்பதில் நாள் கணக்கு முக்கியம். டெங்குக்கான என்.எஸ்.1 பரிசோதனை முதல் ஐந்து நாளுக்குள் நன்றாகக் காட்டும். அதற்குப் பிறகு, கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைக் காட்டும் ஐ.ஜி.எம். பரிசோதனை பார்க்க வேண்டும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இயல்பு. முதல் நாள் இரண்டு லட்சம் என்று வந்தால் அதில் நிம்மதி அடைய ஒன்றும் இல்லை, இறங்குவதே மூன்று, நாலாம் நாளில்தான். டைபாய்டுக்கு வைடால் பரிசோதனையை முதல் வாரத்தில் எடுத்து முடிவு கட்டுவதும் அப்படித்தான். இல்லாதவருக்கு இருப்பதாகவும் இருப்பவருக்கு இல்லாததாகவும் காட்டும். டைபாய்டு என்று சந்தேகப்பட்டால் ரத்தத்தை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைதான் நம்பகமானது. ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன் எடுக்க வேண்டும். இந்த இடத்திலும் அந்தக் காகிதக் கவர் வந்து குறுக்கே நிற்கும்.

அண்ணனை ஆறாம் நாள் நானே கையோடு கூட்டிப் போனேன். அதற்குள் கண் சிவந்திருந்தது. மாத்திரை போட்டால் உடம்பு கொஞ்சம் ஆறும், தலைவலி மட்டும் நகராது. நான் மேலே சொன்ன கேள்வியை அன்றைக்குக் கேட்கத் தெரிந்திருந்தால் மூன்றாம் நாளே கூட்டிப் போயிருப்பேன். டாக்டர் நாக்கைப் பார்த்தார், வயிற்றை அழுத்தினார், அப்புறம் சட்டையைக் கழற்றச் சொல்லி, வேட்டியைத் தளர்த்தச் சொல்லி, டார்ச் அடித்துத் தேடினார். இடுப்பில் அரைஞாண் கயிறு உரசும் இடத்தில் ஒரு கருப்புப் பொருக்கு, சிகரெட்டால் சுட்டது போல, சுற்றிலும் சிவப்பு வளையம். "இது எப்ப வந்துச்சு?" என்றார். அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, "இப்பத்தான் பாக்குறேன் ஐயா" என்றார். அது வலிக்காது, அரிக்காது. அதனால் யாரும் கவனிப்பதில்லை.

அது உண்ணிக் காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ். புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்கே தெரியாத ஒருவகைச் சிற்றுண்ணியின் இளம்பூச்சி கடிப்பதால் வருகிறது. கடித்துப் பத்து நாள் அளவில் காய்ச்சலும் கடுமையான தலைவலியும் தொடங்கும். தமிழ்நாட்டில் மழைக்காலத்திலும் அதையடுத்த பனிக்காலத்திலும் அதிகம். அந்தப் பெரிய வீட்டின் பின்கட்டுக்கு அப்பால் சீமைக்கருவேல் மண்டிக் கிடந்ததை, சொந்தக்காரர்கள் தீபாவளிக்கு வருகிறார்கள் என்று அவர் நாலு நாள் வெட்டியிருந்தார். வெட்டிய களைப்பில் அதன்மேலேயே துண்டை விரித்து உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். எத்தனையோ ஊர்களில் இப்படிப் பூட்டிக் கிடக்கும் வீடுகளைச் சுற்றி இதே புதர்தான்.

மருந்து டாக்ஸிசைக்ளின். விலை மலிவு. ஆனால் சாதாரணமாகக் கடையில் தரும் அமாக்ஸிசிலின் இந்தக் கிருமியிடம் செல்லாது. இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது, தலைவலியும் கூடவே போயிற்று. விட்டிருந்தால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் மூளையையும் பிடித்திருக்கும் என்றார் டாக்டர். பொருக்கு எல்லாருக்கும் இருக்காது. இருந்தால் அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு, காதுக்குப் பின்னால், பெண்களுக்கு மார்புக்கு அடியில் என்று மறைவிடங்களில் இருக்கும். காட்டு வேலை, புதர் வேலை, ஆடு மேய்த்தல் என்று எதுவானாலும் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

பெரிய ஆஸ்பத்திரி

தம்பி சொல்கிற மாதிரி முதல் நாளே மதுரைக்கு ஓடுவதில் என்ன தப்பு என்று கேட்கலாம். காரைக்குடியிலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல். காய்ச்சல்காரரைக் காரில் இரண்டு மணி நேரம் குலுக்கிக்கொண்டு போய், அங்கே வரிசையில் உட்கார வைத்து, முதல் நாள் என்பதால் எதுவும் காட்டாத ரத்தப் பரிசோதனையை எடுத்து, பாராசிட்டமால் வாங்கிக்கொண்டு திரும்புவோம். மூன்றாம் நாள், உண்மையில் பார்க்க வேண்டிய நேரத்தில், "அன்னைக்கே மதுரையில் பாத்தாச்சு" என்று இருந்துவிடுவோம். எங்கள் சொந்தத்தில் அப்படி ஒருவர் நாலாம் நாள் மயங்கி விழுந்தார்.

ஆனால் சில அறிகுறிகள் தெரிந்தால் கஷாயமும் இல்லை, கடையும் இல்லை, ஊர் டாக்டரும் இல்லை. காய்ச்சல், தலைவலியோடு கழுத்து விறைத்து, தாடையை நெஞ்சில் தொட முடியாமல் போவது. வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாமல் போவது. நிற்காத வாந்தி. பேச்சுக் குழறல், ஆளை அடையாளம் தெரியாமை, எழுப்ப முடியாத தூக்கம். வலிப்பு. அழுத்தினாலும் மறையாத செம்புள்ளிகள். ஒரு கை கால் செயலிழப்பது. இவை மூளை உறைக் காய்ச்சலாகவோ மூளைக் காய்ச்சலாகவோ இருக்கலாம், அதில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. 108-ஐக் கூப்பிடுங்கள். காரைக்குடி அரசு மருத்துவமனைக்கு முதலில் போய், அங்கே பார்த்து அனுப்பினால் சிவகங்கை மருத்துவக் கல்லூரிக்கோ மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கோ போவது, நேரே மதுரை என்று வழியில் மாட்டிக்கொள்வதைவிட மேல். பொன்னமராவதிப் பக்கத்துக்காரர்களுக்குப் புதுக்கோட்டை கைக்கெட்டும் தூரம்.

கத்திரி வெயிலில் வருவது இன்னொரு வகை. வெயிலில் நின்ற ஆளுக்குத் தலைவலி, உடம்பு 104-க்கு மேல், குழப்பமான பேச்சு என்றால் அது கிருமிக் காய்ச்சல் இல்லை, வெப்பத் தாக்கு. அங்கே ஹைப்போதலாமஸ் அளவை ஏற்றவில்லை, உடம்பால் சூட்டை வெளியேற்ற முடியவில்லை. அதனால் பாராசிட்டமால் பலிக்காது. நிழலுக்குத் தூக்கிப் போய், துணியைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-க்குச் சொல்ல வேண்டும்.

வயதானவர்கள் விஷயத்தில் ஒன்று மட்டும். 50-ஐத் தாண்டியவருக்கு முன்பு இல்லாத புதுத் தலைவலி, லேசான காய்ச்சல், நெற்றிப் பொட்டில் தொட்டால் வலி, மெல்லும்போது தாடை வலி என்று வாரக்கணக்கில் இருந்தால் அது ரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம். நம்மிடையே அரிது. ஆனால் கவனிக்காவிட்டால் பார்வை போய்விடும். பார்வை மங்கினால் அன்றே பெரிய ஆஸ்பத்திரி.

நாலாம் நாள்

மகனுக்கு என்.எஸ்.1 பாசிட்டிவ் வந்தது. டாக்டர் வீட்டிலேயே வைத்துப் பார்க்கச் சொன்னார், தினம் ரத்தம் எடுத்துக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. நாலாம் நாள் காலையில் உடம்பு சில்லென்று இருந்தது, தலைவலியும் இல்லை. உள்முற்றத்து வளவில் ஆத்தங்குடிக் கல் தரையில் உட்கார்ந்து இட்லி கேட்டான். அப்பத்தா திருநீறு பூசி, "விட்டிருச்சு" என்றார். எனக்கும் அழுகை வந்தது, அவ்வளவு நிம்மதி.

டெங்கில் அந்த நிம்மதிதான் ஏமாற்றும். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் அந்த நேரத்தில்தான் சிலருக்கு ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்குகிறது. காய்ச்சலும் தலைவலியும் சேர்ந்து இறங்குவது நல்லது என்று நான் மேலே சொன்னது இந்த ஒரு நோயில் முழுசாகப் பொருந்தாது. அப்போது கவனிக்க வேண்டியவை வேறு: வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கருப்பாக மலம், கை கால் சில்லிடுதல், சோர்ந்து கிடத்தல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே சேர்த்துவிட வேண்டும். தட்டணுக்கள் எத்தனை என்று ஊரெல்லாம் கேட்பார்கள். டாக்டர் அதைவிடக் கவனமாகப் பார்த்தது ரத்தம் எவ்வளவு கெட்டியாகிறது என்ற பி.சி.வி. எண்ணை. அது ஏறினால் நீர் கசிகிறது என்று பொருள்.

சாயங்காலம் வயிறு வலிக்கிறது என்றான். பத்து நிமிடம் கூடத் தாமதிக்கவில்லை, காரைக்குடிக்குக் கூட்டிப் போய்ச் சேர்த்தோம். இரண்டு நாள் டிரிப் ஏற்றினார்கள், ஏறிய எண் இறங்கியது, வீட்டுக்கு வந்தான்.

கொசு எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்தது. ஊருணியைத்தான் எல்லாரும் குறை சொல்வார்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முக்கியமாகப் பெருகுவது வீட்டில் தேங்கும் நல்ல தண்ணீரில், கடிப்பதும் பகலில். முற்றத்தில் கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் வைத்திருந்த பித்தளை அண்டாவில் புழு நெளிந்தது. வெறுமனே கொட்டினால் போதாது. முட்டைகள் பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்தும் கிடக்கும், அடுத்த மழையில் பொரிக்கும். தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கவிழ்க்க வேண்டும்.

இந்தப் புரட்டாசியில் அப்பத்தாவுக்குத் தலைவலியோடு காய்ச்சல் வந்தபோது தம்பி வழக்கம்போலக் கூப்பிட்டான். "மதுரைக்குக் கிளம்பியாச்சா?" நான் நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். காலை ஏழு மணி, 101.4, தலைவலி இருக்கு. மாத்திரை 500. எட்டரை மணி, 99.2, தலைவலி இல்லை. கஞ்சி இரண்டு டம்ளர். கழுத்து மடங்குது. சிறுநீர் மூன்று தடவை. ரெண்டாவது நாள், நாளைக்கு விடலைன்னா ரத்தம் எடுக்கணும். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, ராத்திரி பத்து மணிக்கு எவ்வளவு இருக்குன்னு எழுதி அனுப்பு" என்றான்.